எழுத்தால் கட்டிய ஊரில் என் முதல் வீடு

அந்த ஊரில் வீடு கட்டச் செங்கல் வேண்டாம், மணல் வேண்டாம். எழுத்து போதும். காலேஜ் கம்ப்யூட்டர் லேப்பின் கடைசி வரிசையில், டெலிபோன் கம்பி மாட்டிய ஒரே ஒரு இயந்திரம் இருக்கிறது. அதில் உட்கார்ந்து எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும். நீ ஒரு தெருவில் நிற்கிறாய், வடக்கே ஒரு கதவு இருக்கிறது என்று சொல்லும். வடக்கு என்று தட்டினால் வடக்கே போவோம். படமும் கிடையாது, சத்தமும் கிடையாது. அங்கே இருக்கிற மற்றவர்களும் எங்கெங்கோ உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிற நிஜ மனிதர்கள்தான். தமிழ்க்காரர்கள் நாங்கள் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழைத் தட்டிப் பேசிக்கொள்வோம்.

புதிதாக வருபவர்களுக்கு யோசனை எழுதிக் கொடுங்கக்கா, லேப் சுவரில் ஒட்டிவிடலாம் என்று ஜூனியர்கள் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். முதலிலேயே அரண்மனை கட்டாதீர்கள், ஓர் அறை போதும். வருகிறவர் தொட்டுப் பார்க்க ஒரு பொருளாவது வையுங்கள், இல்லாவிட்டால் வந்த வேகத்தில் போய்விடுவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியே போகிற வழியை எழுதுங்கள். அப்புறம்தான் சுவர்.

இந்தக் கடைசி யோசனை பட்டுத் தெரிந்துகொண்டது. அவசரக்குடுக்கை நான். ஆசை ஆசையாகச் சுவர், ஜன்னல், விளக்கு எல்லாம் எழுதிவிட்டு வாசலை மறந்து உள்ளே மாட்டிக்கொண்டேன். யாராவது வாங்களேன் என்று ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். ஒரு பெண் வந்து வழி வெட்டிவிட்டாள்.

“ஏனம்மணி, உன்னைய நீயே சுவத்துல வெச்சுப் பூசிக்கிட்டயா?” என்றாள்.

அந்த ‘அம்மணி’யைப் படித்ததும் நாற்காலியிலேயே குதித்தேன். உலகத்தின் அந்த மூலையில் நம்ம பேச்சு! அவள் கோயம்புத்தூர் பீளமேட்டுப் பக்கம் இருந்தாள். கம்ப்யூட்டர் பயிற்சி வகுப்பு எடுக்கிறவள். வீட்டிலேயே கம்ப்யூட்டரும் இணைப்பும் இருந்தன. சொந்த ஊர் அவிநாசிப் பக்கம், தோட்டம் துரவு உள்ள குடும்பம். என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்றேன். அவள் கண்ணு என்றாள். நேரில் பார்த்ததே இல்லை.

அந்தச் சமயம் நான் நிஜமாகவே வீடு தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் வந்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வார்டில் இடம் இல்லை, வெளியில் தங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் ஊர் பெருந்துறை தாண்டி, அங்கிருந்தும் உள்ளே போகவேண்டும். ஒரு டவுன் பஸ், அப்புறம் கோயம்புத்தூர் பஸ். கரண்ட் வைத்த வயிற்றோடு திரும்பிப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். இப்படியே போனால் பாதியில் விட்டுவிடுவாள், பாதியில் விட்டால் பிழைக்கமாட்டாள். டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

நான் படிப்பதும் கோயம்புத்தூரில்தான், ஆனால் ஹாஸ்டலில் அம்மாவை வைத்துக்கொள்ள முடியாது. நான் ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் மரியாதைக்குக் குறைவே இல்லை. “வாங்க, உக்காருங்க, எந்த ஊருங்க, அப்பா என்ன பண்றாருங்க?” அப்பாவும் அம்மாவும் நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடியின் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி சாதிக்குத்தான் போகும். அதற்கப்புறம், “அடடா, நேத்துத்தானுங்க ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டோம்.” கதவில் ‘வீடு வாடகைக்கு’ அட்டை அப்படியே தொங்கும்.

அக்காவிடம் அம்மாவின் நோயைச் சொன்னபோது அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “எங்கூட்டு மாடி சும்மாதான் கெடக்குது கண்ணு. அம்மாவக் கூட்டிட்டு வந்துரு. எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடறேன்” என்றாள். மறுநாள் ஊருக்குப் போன் போட்டுக் கடைக்காரரிடம் சொல்லி அம்மாவை வரவழைத்து, மாடி கிடைத்ததைச் சொன்னேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மா மடியில் ஒரு புது மண்ணெண்ணெய் ஸ்டவ்வைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள்.

“எதுக்கும்மா இப்பவே?”

“அவிய ஊட்டுச் சமையக்கட்டுக்கெல்லாம் போயித் தொந்தரவு குடுக்கப்படாதல்ல?”

எழுத்து ஊரில் அக்காவின் வீடு பெரியது. முன்னால் வாசல், உள்ளே ஆசாரம் என்கிற கூடம், அதற்குப் பின்னால் சமையலறை. அதில் ஒரு காபிச் சட்டி வைத்திருந்தாள். எடு என்று தட்டினால் ஆவி பறக்கிற காபி வரும். பூட்டே கிடையாது. நார்வேக்காரன் ஒருத்தன் நேராகப் பரணில் ஏறிப் படுத்துக்கொள்வான். திருச்சிப் பையன்கள் இரண்டு பேர் காபிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடுவார்கள். நான் மட்டும் வாசலோடு நின்று, “அக்கா, இருக்கீங்களா?” என்று தட்டுவேன். அவள் உள்ளேயிருந்து வந்து கூப்பிட்டால்தான் ஆசாரத்துக்குப் போவேன். அதற்கு மேல் போகமாட்டேன்.

“ஏண்டி, சோத்துக்கு வந்தவளாட்ட வாசல்லயே நின்னுட்டிருக்கற? காலு கூட இல்லாத ஊருல உனக்கு என்ன காலு வலிக்குது?”

“இல்லக்கா, நீங்க வேலையா இருப்பீங்கன்னு.”

“போயிக் காபி எடுத்துக்க போ.”

“நீங்களே எடுத்தாந்து குடுங்கக்கா.”

அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பண்ணாடி வீட்டுக்குப் போவேன். வாசலில் நின்று குரல் கொடுப்போம். கூப்பிட்டால் எட்டிப் பார்ப்போம். கொண்டுவந்து ஊற்றினால் குடிப்போம். உடம்பே இல்லாத ஊருக்கும் அது என்னோடு வந்துவிட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல வாசலில் நின்று கூப்பிட்டேன்.

“வா கண்ணு, எங்கம்மா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கறாங்க” என்றாள் அக்கா. “எல்லாரையும் காட்டிட்டிருக்கேன். பரண்ல படுத்திருக்கறவனப் பாத்து ஒரே சிரிப்பு.”

“வணக்கம்னு சொல்லுங்கக்கா.”

“சொல்லிட்டேன். இந்தப் புள்ள மட்டும் ஏன் வாசல்லயே நிக்குதுங்கறாங்க. எப்பவுமே இப்படித்தாம்மா, காபி கூட நாந்தான் கொண்டாந்து குடுக்கணும்னு சொன்னேன்.”

அதற்கப்புறம் திரையில் எதுவும் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று பின்னால் கம்பியை அழுத்திப் பார்த்தேன். பிறகு வந்தது.

“அம்மா கேக்கறாங்க. பெருந்துறைக்கு அக்கட்டால எந்த ஊரு?”

சொன்னேன்.

“ஊருக்குள்ளயேவா, வெளியவா?”

கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அக்காவும் அப்போதுதான் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். அவள் வழக்கமாகத் தட்டுகிற வேகம் அதில் இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் ஆள் ஆணா பெண்ணா என்பதையே மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் மாடிக்கு வரப்போவது அம்மா. அவளை எந்த எழுத்தால் மாற்றுவேன்?

“வெளியங்கக்கா” என்றேன்.

“சரி. அப்பறம் பேசறேன்” என்று போய்விட்டாள். கண்ணு இல்லை.

அடுத்த நாள் அவளே என் வீட்டுக்கு வந்தாள். என் வீடு ஒற்றை அறைதான். ஒரு சொம்பு வைத்திருந்தேன். யார் உள்ளே வந்தாலும் அதுவே அவர்கள் கையில் தண்ணீர் கொடுக்கும்படி எழுதியிருந்தேன். அதை எழுதக் கற்றுக்கொடுத்ததும் அக்காதான். எப்போதும் திடுதிப்பென்று உள்ளே வந்து விழுந்து, “தண்ணி உப்பு” என்று வம்பு செய்வாள். அன்றைக்கு, வாசலில் ஆள் வந்திருக்கிறது என்று மட்டும் திரை காட்டியது.

“உள்ள வாங்கக்கா.”

“இல்ல, இருக்கட்டும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“சொல்லுங்கக்கா.”

“மாடிய அண்ணன் ஆபீசுக்கு எடுத்துக்கறாராம். எனக்கே நேத்துத்தான் தெரியும். அம்மா சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

முதல் தடவையாக என்னை ‘ங்க’ போட்டுப் பேசினாள். வாசலிலேயே நின்று வாசலிலிருந்தே போனாள். சொம்பு அசையவில்லை. உள்ளே வந்தால்தான் அது தண்ணீர் கொடுக்கும்.

அம்மாவிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஆச்சரியம்தான் பட்டாள்.

“உன்ற மூஞ்சிய அவிய பாக்கவே இல்லீன்னயே?”

“பாக்கலம்மா.”

“பேச்சும் கேக்கலீன்ன. அப்பறம் எப்புடிக் கண்டுபுடிச்சாங்க?”

“நான் வாசல்லயே நின்னனாம்.”

அம்மா சாக்கில் சுற்றிய ஸ்டவ்வின் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தாள். “நாந்தான அப்புடிப் பழக்கியுட்டேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “அந்தப் புள்ள மேல கோவப்படாத. அது என்ன பண்ணும்?” என்றாள். எனக்கு அந்தப் பேச்சுதான் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏற்றிவிட்டு லேப்புக்குப் போகாமல் உக்கடம் வரைக்கும் நடந்தேன்.

அதற்குப் பின்னும் வீடு தேடினேன். கிடைக்கவில்லை. அம்மா பஸ்ஸில்தான் வந்து போனாள். ஒரு நாள் அவிநாசிக்குப் பக்கத்தில் வலி தாங்காமல் கண்டக்டரிடம் சொல்லி இறங்கி, ரோட்டோரம் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டாளாம். அடுத்த நாளிலிருந்து வரவில்லை. ஊருக்கு ஓடினேன். கெஞ்சினேன், கத்தினேன்.

“போதுங்கண்ணு. குலுங்கிக் குலுங்கிச் சாகறதுக்கு இங்கயே கெடக்கறேன்” என்றாள்.

தை பிறக்கவில்லை, போய்விட்டாள். புது ஸ்டவ்வில் காரியத்துக்கு வந்தவர்களுக்கு டீ போட்டார்கள்.

காலேஜ் திரும்பி ரொம்ப நாள் அந்தக் கடைசி வரிசைப் பக்கமே போகவில்லை. போன வாரம் ஜூனியர்களுக்கு யோசனை எழுதிக் கொடுத்ததும் கை ஊறியது. உட்கார்ந்தேன். அக்காவின் வீடு அப்படியே இருந்தது. பூட்டு இல்லை. அக்கா இல்லை, நார்வேக்காரன் இல்லை, ஒருத்தரும் இல்லை. நேராக உள்ளே போய், ஆசாரத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் நுழைந்து, என் கையாலேயே காபி எடுத்துக் குடித்துவிட்டு வரவேண்டும் என்றுதான் போனேன். அதற்கு மூன்று சொல் தட்டினால் போதும்.

வாசலுக்குப் போனேன். அடுத்த சொல்லைத் தட்டுவதற்குள் விரல்கள் வேறு எதையோ தட்டிவிட்டன. பேசியதைத் திருப்பிக் காட்டுவது அந்த ஊரின் வழக்கம். கறுப்புத் திரையில் பச்சையாக வந்தது:

நீ சொல்கிறாய்: “அக்கா, இருக்கீங்களா?”