கதவுக்குப் பின்னால் ஒரு மந்திரக்காரி

டிவியில் வீடியோ கேம் பெட்டியை மாட்டி வாள் சண்டை விளையாடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. எதிராளியின் மூச்சு முகத்தில் படுகிற தூரத்துக்குப் போய் நின்று வெட்டுகிறவன் ஒரு வகை. அடுத்தவன் தோட்டத்தில் பத்திரமாக நின்றுகொண்டு, கையை நீட்டித் தீயை எறிகிறவன் இன்னொரு வகை. நான் முதல் வகை. ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் பேரன் எடுக்கிற வயதில் இந்தச் சண்டையில் இறங்கி ஜெயித்த ஆள் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வீட்டுக்கு வரலாம். முதலில் காப்பி கொடுப்பேன், பிறகு வெட்டுவேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதன் அருமை தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. சந்தையில் அடுத்தவன் வாழைக்குலையை நான் சுமந்தேன். பிறகு என் குலையை அடுத்தவன் சுமந்தான். லாரி வாங்கினேன், மாடி வைத்து வீடு கட்டினேன், ஒருவனிடமும் கைகட்டி நின்றதில்லை. ஏத்தன் வாழைக்குலையைக் கையில் தூக்கினால் எடை சொல்லிவிடுவேன். தராசு என்னைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இளவயதில் அடிமுறையும் படித்தேன். அது எங்கள் பக்கத்துச் சண்டை வித்தை. கை, கால், கம்பு, அவ்வளவுதான். ஆசான் சொன்னதில் இரண்டு விஷயம் ரத்தத்தில் ஏறிவிட்டது. எதிராளியின் முதுகில் அடிக்கக் கூடாது. உடம்பில் பாரத்தை ஏற்றிக்கொண்டு சண்டைக்குப் போகக் கூடாது.

2006 வாக்கில் ஓர் ஆனி மாதம், லாரியில் குலை அடுக்கிக்கொண்டிருந்த என்னைக் காற்று கீழே தள்ளியது. எங்கள் ஊர்க் காற்றைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள். சுற்றிலும் காற்றாலைகள் சும்மா அழகுக்கு நிற்கவில்லை. வலது கால் ஒடிந்தது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, எண்ணெய் விட்டு, ஆவணி பிறக்கிறவரை நடக்கவே கூடாது என்றார். உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதனை உட்கார வைத்தால் அவன் வேலை தேடுவான். நான் கண்டுபிடித்த வேலைதான் அந்தப் பெட்டி.

மகனுக்கு அந்தச் சித்திரையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. கல்ஃபில் வேலை. வரும்போது சென்ட், கம்பளி, பாதாம் பொட்டலம் எல்லாவற்றோடும் டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றும் கொண்டுவந்தான். லீவு முடிந்து அவன் விமானம் ஏறிவிட்டான். பெட்டி எங்களிடம் நின்றது. மருமகளும் நின்றாள்.

மருமகள் திருவட்டாறு பக்கம். ரப்பர் தோட்டம், ஓயாத மழை, மலையாளம் கலந்த பேச்சு. எங்கள் வீடுகளில் புது மருமகள் மாமனாரிடம் நேரே பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொல்வாள், மாமியார் மாமனாரிடம் சொல்வாள். எதிரே வந்து உட்காருவதும் கிடையாது. இது போதாதென்று, கல்யாணம் முடிந்த வாரத்தில் என் தங்கை வந்திருந்து, இந்தப் பிள்ளை 'போதும்' என்பதற்கு 'மதி' என்று சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். தெருவில் நாலு பேரிடம் அதே ராகத்தில் சொல்லிக் காட்டியும் சிரித்தாள். அன்றைக்கு மூடிய வாயைப் பிள்ளை திறக்கவே இல்லை. என்ன கேட்டாலும் 'ம்'. அவள் அப்பா போன் செய்தாலும் 'ம்'.

ஒரு நாள் என் மனைவி உள்ளி உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆவணி பொறந்து மொத ஞாயித்துக்கெழம அவ அப்பா வாறாராம். பத்து நாளு அவங்க வீட்டுல கொண்டு நிறுத்தணுமாம்."

"கொண்டு நிறுத்தட்டு. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? அவ துணியெல்லாம் இன்னும் சூட்கேசுக்குள்ளயே இருக்கு. பீரோவுல ஒரு சீல கூட எடுத்து வைக்கல்ல. போனா வருவாளான்னு எனக்கு ஒறப்பில்ல, பாத்துக்கிடுங்க."

என்னிடம் வேலைக்கு வந்தவன் ஒருவனும் பிடிக்காமல் போனதில்லை. என் வீட்டுக்கு வந்த பிள்ளை ஒரு வார்த்தை பேசாமலே திரும்பிப் போவதா? ஆனால் மாமனார் என்ன செய்ய முடியும்? கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசவா முடியும்? பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதில் ஒரே ஒரு விளையாட்டைத்தான் நான் போடுவேன். நாலைந்து பேரில் ஒருவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, காடு, குகை என்று போய், எலும்புக்கூடுகளையும் பல்லிமூஞ்சிக்காரர்களையும் தீர்த்து, தீ கக்குகிற பறக்கும் பாம்பு ஒன்றைக் கொன்றால்தான் அந்தப் பக்கத்துக் கோட்டைக்கு வழி கிடைக்கும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்கு எண் மட்டும் தெரியும். லாரி நம்பர் பார்த்த பழக்கம். நான் எடுத்தது வாள்காரனை. எடுத்த உடனே அவனுடைய இரும்புச் சட்டை, கேடயம் எல்லாவற்றையும் கழற்றி அங்கே உள்ள கடையில் விற்றேன். தலையில் இருந்ததை மட்டும் விட்டுவைத்தேன். நாங்கள் அய்யா வழி மார்க்கத்துக்காரர்கள். தலைப்பாகை கட்டித்தான் கும்பிடுவோம். வெறும் தலையோடு ஒருவனை நல்ல காரியத்துக்கு அனுப்ப மனசு வரவில்லை. எலும்புக்கூடு எதுவும் முதுகைக் காட்டி நின்றால், நான் சுற்றிக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்பேன். அது என்னைப் பார்த்த பிறகுதான் வெட்டு.

இப்படிச் சண்டை போடுகிறவன் அடிக்கடி செத்துப்போவான் என்பது உண்மைதான். ஆனால் கௌரவமாகச் சாவான். கால் விசாரிக்க வந்த சந்தைக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்வார்கள்.

"என்ன அண்ணாச்சி, கால் ஒடிஞ்ச நேரமா பாத்துப் பட்டாளத்துல சேந்துட்டியளா?"

"ஒடிஞ்ச காலோட நான் வெட்டுறது, உனக்கு ரெண்டு காலும் இருந்தா வருமாலே?"

மனைவி அடுக்களையிலிருந்து கேட்பாள்: "செத்துட்டியளா? அப்ப சோறு போடட்டா?"

ஒரு தொங்குபாலத்தில் நான் மறுபடி மறுபடி விழுந்துகொண்டிருந்தேன். ஓடினால் பலகை உடையும், கீழே ஆறு. ஒரு மத்தியானம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ந்த குரல்: "அத்தே, மாமாட்ட சொல்லுங்க, பாலத்தில ஓடண்டாம். நடந்தா மதி."

மனைவி என்னிடம் சொன்னாள்: "ஓடண்டாமாம். நடந்தா போதுமாம்."

நடந்தேன். அக்கரை சேர்ந்தேன். அதைவிட, அந்தப் பிள்ளை முழுசாக ஒரு வாக்கியம் பேசியிருக்கிறாள்.

"ஏட்டி, அவகிட்ட கேளு, இது எப்பிடித் தெரியும்னு."

"இங்கதான நிக்கா, நீங்களே கேளுங்களேன்."

"நீ கேளுட்டி."

கேட்டாள். அவளுடைய அண்ணன் இதுமாதிரி விளையாட்டெல்லாம் உள்ள கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தானாம். சாயங்காலம் அவன் டீ குடிக்கப் போகும் நேரமெல்லாம் கடையைப் பார்த்துக்கொண்டது இவள்தானாம். கடையைப் பார்த்த லட்சணம் எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை மாட்டச் சொன்னேன். அதன் வயர் அடுக்களை வாசல் வரைக்கும் எட்டியது, அதற்கு மேல் எட்டவில்லை. டிவியைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினோம். மருமகள் கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்தது வயரும் ஒரு முழங்கையும்தான். என் மனைவி அந்த வயரை வரப்புத் தாண்டுகிற மாதிரி சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டித் தாண்டி நடந்தாள்.

பிள்ளை தேர்ந்தெடுத்தது யாரை? குச்சி பிடித்த மந்திரக்காரியை.

"அவகிட்ட சொல்லு, அய்யா மந்திர தந்திரத்த எல்லாம் ஒதுக்கச் சொன்னவராக்கும். இந்த வீட்டுல அது ஆகாது."

"மந்திரம் ஆகாதாம் மக்கா."

கதவு வாதாடியது. "அத்தே, அது மனுசருக்கு மனுசர் வைக்கிற மந்திரம் இல்லியா? இது டிவிக்குள்ள உள்ள எலும்புக்கூட்டுக்குத்தானே?"

ஞாயம் இருந்தது. ஆனாலும் விடலாமா? "தூர நிண்ணு எறியுறது ஆம்பளத்தனம் இல்லன்னு சொல்லு."

"அவ பொம்பளதான, அவளுக்கு எதுக்கு ஆம்பளத்தனம்?" இது என் மனைவியின் சொந்தச் சரக்கு.

உள்ளே மெல்லிய சிரிப்பு. பிறகு குரல், எனக்கும் நன்றாகவே காதில் விழுந்தது: "முன்னால நிண்ணு வெட்டி வெட்டி விழுறதுக்கு, பின்னால நிண்ணு ஜெயிச்சா என்ன கொறச்சல்னு கேளுங்க, அத்தே."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க நல்லா வெட்டுதியளாம்."

இப்படித்தான் எங்கள் படை கிளம்பியது. சண்டை நடுவில் "அத்தே, மாமாட்ட சொல்லுங்க, எடப்பக்கம் பல்லிமூஞ்சி" என்று குரல் வரும். மனைவி அரிவாள்மணையில் இருந்து நிமிர்ந்து, மூக்கைத் துடைத்து, "எடப்பக்கம் ஆரோ வாறாங்களாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் தரையில் கிடப்பேன். விழுந்தவனை எழுப்ப மந்திரக்காரிக்கு ஒரு வித்தை உண்டு. ஆனால் தொடுகிற தூரத்துக்கு அவள் வரவேண்டும். அவள் வரமாட்டாள். களம் முழுக்கக் காலியான பிறகுதான் பைய நடந்து வருவாள்.

ஆனால் ஒன்று நான் கண்டுபிடித்தேன், அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மந்திரத்துக்கு ஒரு நீலக் கோடு உண்டு. எறிய எறிய அது குறையும். தீர்ந்துவிட்டால், திரும்ப ஏறுகிறவரை அவள் வெறும் குச்சி பிடித்த பிள்ளை. அந்த நேரத்தில் முன்னால் ஒருவன் நெஞ்சைக் காட்டி நின்று தாங்க வேண்டும். அவள் பனியை எறிந்து எதிராளியை உறைய வைப்பாள், நான் போய் உடைப்பேன். நீலம் தீர்ந்தால் நான் தாங்குவேன், அவள் மூச்சு வாங்குவாள். ஆடி முடிவதற்குள் குகைகளைத் தாண்டிவிட்டோம். இதற்கிடையே கதவுக்குப் பின்னால் பேச்சு வளர்ந்தது. மனைவிக்கும் அவளுக்கும் எதைப் பற்றியோ சிரிப்பு. ஆனால் சூட்கேஸ் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. மனைவி தினமும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவாள்.

ஆவணி முதல் ஞாயிறு வந்தது. காலையிலேயே சூட்கேஸ் வாசலுக்கு வந்துவிட்டது. நான் மனைவியிடம் சொன்னேன்: "அவகிட்ட சொல்லு, பாம்பு மட்டும் பாக்கி கெடக்கு. அவ அப்பா வாறதுக்குள்ள ஒரு கை பாப்போம்." புதுச் சேலையோடு கதவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

பாம்பு பாதி உயிருக்கு வந்தபோது சம்மந்தி உள்ளே வந்தார். கையில் ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கு. நான் தலையை மட்டும் ஆட்டி நாற்காலியைக் காட்டினேன். மனைவி அவரை உட்கார வைத்துவிட்டு, ஏத்தன்பழம் பொரிக்க அடுக்களைக்குள் போனாள். அங்கே எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்காது.

பாம்பு மேலே எழும்பி என் பின்பக்கமாக இறங்கியது. எனக்குத் தெரியவில்லை.

"அத்தே, மாமாட்ட சொல்லுங்க." பதில் இல்லை. "அத்தே." எண்ணெய்ச் சத்தம் மட்டும்தான்.

"மாமா, பெறகே நிக்குது, இங்கோட்டு ஓடி வாங்க."

எனக்கு மயிர் சிலிர்த்தது. பாம்புக்காக இல்லை. அந்தத் திகைப்பில் ஓட மறந்தேன். தீ வந்து என்னைச் சுருட்டியது. விழுந்தேன்.

அவளுடைய நீலமும் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. என்னை எழுப்புகிற அளவுக்கு ஒரு சொட்டுதான் பாக்கி. அதற்குப் பாம்பின் வாய்க்கு அடியில் வரவேண்டும். கதவின் பக்கம் டிவி சாய்ந்து தெரிந்ததால் தீ விழுகிற இடம் சரியாகப் பிடிபடவில்லைபோல. பிள்ளை எழுந்தாள். ஜாய்ஸ்டிக்கோடு வெளியே வந்தாள். மாமனார் இருக்கிறார், அப்பா இருக்கிறார், எதையும் பார்க்கவில்லை; டிவிக்கு நேரே நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குச்சியால் அடித்துக்கொண்டே பாம்பின் வாயடி வரை ஓடினாள். நான் எழுந்தேன்.

"மாமா, நான் வலத்தே போறேன், நீங்க எடத்தே வாங்க. முன்னால போய் நிக்கண்டாம், முதுகில குத்துங்க."

"முதுகுல குத்த மாட்டேன், மக்கா."

"அப்ப வயித்தில குத்துங்க, மாமா. வேகம்."

வயிற்றில் குத்தினேன். பாம்பு மலை சரிந்த மாதிரி விழுந்தது. டிவி பாட்டுப் போட்டு, தங்கமாகக் கொட்டியது. மனைவி தட்டோடு வந்து நின்றவள், கூடத்தின் நடுவில் மருமகளைப் பார்த்துவிட்டுத் தட்டை வைக்க மறந்து நின்றாள்.

சம்மந்தி மெல்லக் கேட்டார்: "இவ இவ்வளவு பேசுவாளா இங்க? போனில எனக்கு வெறும் 'ம்' மட்டும்தானே கிட்டுது."

பிள்ளைக்கு அப்போதுதான் தான் உட்கார்ந்திருக்கிற இடம் தெரிந்தது. எழப்போனாள். பிறகு எழவில்லை. "அப்பா, நான் இன்னைக்கு வரல்ல. இதுக்க பெறகு ஒரு கோட்டை உண்டு. அது முடிச்சிட்டு நானே பஸ் ஏறி வாறேன், நாலு நாளு நிண்ணுட்டுத் திரும்புதேன். மதி." அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

சம்மந்தி என்னைப் பார்த்தார். ஒரு பழம்பொரியை எடுத்துக்கொண்டார். "சம்மந்தி, இதில தூரத்திலயும் போகாம, பக்கத்திலயும் போகாம, நடுவில நிண்ணு அம்பு விடுற ஆளு ஒண்ணும் கிடையாதா?"

"உண்டு. ஆனா ரெண்டு பேருதான் வெளயாட முடியும். நீங்க கெழங்க அவிக்கச் சொல்லிட்டு உக்காந்து பாருங்க."

சாயங்காலம் அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார். அன்றே மருமகள் சேலைகளை எடுத்து பீரோவில் அடுக்கினாள். சொன்னபடி கோட்டை முடிந்து போனாள், சொன்னபடி திரும்பினாள். என் தங்கை அடுத்த தடவை வந்தபோது கூடத்தில் மருமகளும் நானும் நீலக் கோட்டைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. எனக்கு அது பரம திருப்தி.

பிறகு மகன் வேறு பெட்டிகள் கொண்டுவந்தான், விளையாட்டும் மாறியது. அவள் எதிலும் மந்திரம்தான் எடுப்பாள். நான் எதிலும் வாள்தான். ஒரு மந்திரமும் இன்றுவரை நான் போட்டதில்லை என்று யாரிடமும் தைரியமாகச் சொல்வேன். அன்றைக்குப் பாம்பின் வாயிலிருந்து உங்களை எழுப்பியது மந்திரம்தானே என்று என் மனைவி குத்திக்காட்டுவாள். எழுப்பியது மருமகள். எதை வைத்து எழுப்பினாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் செத்துக் கிடந்தேன்.