நின்ற வண்டி இடித்த கதை

என் வண்டி இடிபட்ட நேரத்தில் நான் பந்தியில் உட்கார்ந்து பிரியாணியில் கறித்துண்டு தேடிக்கொண்டிருந்தேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபம். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் தோல் கம்பெனியின் முதலாளி வீட்டுக் கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் ஜல்லி கொட்டிய ஒரு காலி இடம், அதற்குப் பெயர் பார்க்கிங். அங்கே ஒரு வாட்ச்மேன் விசிலும் கையுமாக நின்று, பின்னால் வருகிற வண்டிகளையெல்லாம் "வரட்டும், வரட்டும்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்ற நேரம் வரை அவர் யாருக்கும் "போதும்" என்று சொல்லிக் கேட்கவில்லை. வண்டியைச் சுவரோரமாக நிறுத்தி, பூட்டி, பூட்டினேனா என்று திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் வேறு எப்படி இருப்பாள்?

பாதிச் சாப்பாட்டில் மைக்கில் ஒரு குரல், "காப்பிக்கொட்டை கலர் கார் யாருதுங்க, கொஞ்சம் வெளிய வாங்க" என்றது. கையைக்கூட சரியாகக் கழுவாமல் ஓடினேன். அதற்குள் அங்கே ஒரு கூட்டம். வீடு மாதிரி உயரமான ஒரு வண்டி என் வண்டியின் பின்மூலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. என் பம்பர் உள்ளே போயிருந்தது. அங்கிருந்து பின்சக்கரம் வரைக்கும் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

இடித்த வண்டியிலிருந்து இறங்கியவர் ஊரே பாய் என்று கூப்பிடும் பெரிய தோல் வியாபாரி. எங்கள் கம்பெனியில் முடித்து அனுப்பும் தோலில் பாதி அவருக்குத்தான் போகிறது. பாய் நேராக என்னிடம் வந்தார். "தப்பு என்னுதும்மா. பின்னாடி சரியா பாக்காம வந்துட்டேன். மன்னிச்சிடுங்க. இன்னா செலவு ஆகுதோ நான் குடுத்துடறேன்" என்றார்.

இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன சொல்ல வேண்டும்? விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முடிய விட்டால்தானே. வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வண்டியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அய்யோ, விடுங்க பாய். வீட்ல இப்பதான் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. வண்டிய கொஞ்சம் வெளிய தள்ளி நிறுத்திட்டாங்க. மிஸ்டேக் நம்ம மேலதான்."

பாய் எதையோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டாள், அதுவும் பொம்பளை. "பாத்து ஓட்டக்கூடாதாம்மா?" என்றார் ஒருவர். "நான் ஓட்டலைங்க, உள்ள சாப்பிட்டுட்டு இருந்தேன்" என்றேன். "அதாம்மா, பாத்து ஓட்டணும்" என்றார். வரட்டும் வரட்டும் என்று கூப்பிட்டு இடிக்க வைத்த வாட்ச்மேனும் "புதுசுங்க, பாவம்" என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

வீட்டுக்கு அவர்தான் ஓட்டிவந்தார். வந்ததும் சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது. "வண்டி ரெடியாகட்டும். அப்பறம் நீ ஓட்றதப் பத்திப் பாக்கலாம்" என்றார். வண்டி என் பெயரில், கடன் என் சம்பளத்தில். 'பார்க்கலாம்' மட்டும் அவருடையது.

நான் ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கார் வருவதற்கு முன்னால் இரண்டு பஸ் மாறி, நிலக்கடலை மூட்டைக்கும் கண்டக்டருக்கும் நடுவே ஒற்றைக்காலில் நின்று போய்வந்தவள். கார் வந்த பிறகுதான் சாயங்காலம் வீடு திரும்பும்போது எனக்கு முகம் என்று ஒன்று மிச்சமிருந்தது. வழியில் நிறுத்தி டீ குடிப்பேன். மழை வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பேன். அந்தச் சாவி எனக்குத் திரும்பி வேண்டும். அதைவிட, தப்பு என்னுடையது இல்லை என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். மறுபடியும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன நாட்களில் எனக்கு இதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அதனால்தான் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட்டே தீருவேன் என்று நின்றேன். "இத்துணூண்டு கீறலுக்கு க்ளெய்ம் போட்டா அடுத்த வருஷம் பிரீமியத்துல குறைக்கற போனஸ் போயிடும்" என்றார் வீட்டுக்காரர். ஏஜென்ட்டும் அதையே சொன்னார். வருஷா வருஷம் பிரீமியம் வாங்க வரும்போது, தூசி விழுந்தால்கூட கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொன்ன அதே ஏஜென்ட்தான். போகட்டும் என்றேன். எனக்கு வேண்டியது பணம் இல்லை. வெளியாள் ஒருவர், சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்து, நின்றிருந்த வண்டி என்று எழுத வேண்டும்.

போன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அலைக்கழித்த பிறகு ஒரு பெண் வந்தாள். அவளுக்கு ஒரு கேள்வி வரிசை.

"ஆக்சிடென்ட் ஆகும்போது வண்டி எவ்ளோ ஸ்பீட்ல போச்சு மேடம்?"

"போகலம்மா. நின்னுட்டிருந்தது."

"ஓகே மேடம். நீங்க பிரேக் போட்டீங்களா?"

"போட்டேன். போட்டுட்டு இறங்கி, பந்திக்குப் போயிட்டேன்."

"ஓகே மேடம். தோராயமா எவ்ளோ ஸ்பீட் இருக்கும்?"

பூஜ்யம் என்றேன். அப்படி ஒரு எண்ணை அவளுடைய கம்ப்யூட்டர் ஏற்கவில்லை போலிருக்கிறது, மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தாள். கடைசியில் சனிக்கிழமை சேதத்தைப் பார்த்து எழுதும் சர்வேயர் ஆம்பூர்ப் பக்கம் வருகிறார், வீட்டிலேயே வந்து பார்ப்பார், அதுவரைக்கும் வண்டியில் யாரும் கை வைக்கக்கூடாது என்றாள். வீட்டுக்காரரிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். தலையை ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையாட்டலை நம்பி ஏமாந்துகொண்டிருக்கிறேன்.

அதே சனிக்கிழமை என் நாத்தனார் வேலூரிலிருந்து வருவதாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் கார் வாங்கியபோது, "பஸ்ஸு ஓடுதே, அப்புறம் இன்னாத்துக்கு இவளுக்குக் காரு?" என்று வாழ்த்தியவர்.

வெள்ளிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடித்துவிட்டு வந்து இறங்குகிறேன், வாசலில் என் வண்டி புத்தம் புதிதாக நிற்கிறது. பம்பர் நிமிர்ந்திருக்கிறது. கீறலைக் காணோம். என் வீட்டுக்காரர் கம்பெனியில் கலர் அடிக்கும் ஸ்ப்ரே கன்னைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி நிற்கிறார்.

இங்கே அவர் தொழிலைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் அவர் ஃபினிஷிங் மேனேஜர். ஆடு வேலியில் உரசிய கீறல், முள் குத்திய தடம், உண்ணி கடித்த வடு எல்லாம் தோலில் அப்படியே இருக்கும். அதில் பசை வைத்துத் தேய்த்து, கலர் கலந்து அடித்து, மேலே பாலிஷ் கொடுத்தால் அந்த ஆட்டுக்கே தன் தோல் அடையாளம் தெரியாது. வெந்நீர் ஊற்றிப் பம்பரை உள்ளிருந்து தள்ளியிருக்கிறார். கம்பெனியிலிருந்து பசை கொண்டுவந்து கீறலை நிரப்பி, கலர் சேர்த்து அடித்திருக்கிறார். தோலுக்குக் கலர் பொருத்திப் பார்க்கும் ஷேடு கார்டை வண்டிமேல் வைத்து வைத்துப் பார்த்தாராம். இந்த ஊரில்தான் இப்படி ஒரு கிறுக்குத்தனம் நடக்கும். வேறு ஊர் புருஷன் என்றால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான்.

"தெரியுதா பாரு" என்றார்.

"தெரியல" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்கு சர்வேயர் வந்து எதைப் பாப்பாரு? உங்க கைவண்ணத்தையா?"

"அக்கா வர்றாங்க. வந்ததும் அதையே பேசுவாங்க. உனக்காகத்தான் பண்ணேன்."

எனக்காக. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் தொழில் பேச்சைத் தினமும் சோற்றோடு சேர்த்து விழுங்குகிறவள் நான். "ஏங்க, உங்க கம்பெனிக்கு வர்ற சரக்குல அடுத்தவன் கிழிச்சிருந்தா இன்னா பண்ணுவீங்க? பூசி மறைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அது எப்படி? அப்படியே வெச்சு போட்டோ எடுத்து அனுப்புவோம். அவன்தானே பொறுப்பு?"

"எதை மறைப்பீங்க?"

ஸ்ப்ரே கன்னைத் துடைக்க ஆரம்பித்தார். தங்கள் பழுதைத்தான் மறைப்பார்கள், அது எனக்கும் தெரியும். அப்படியானால் இந்த மனிதர் பாய்க்காகச் சும்மா சொல்லவில்லை, என் மேல்தான் தப்பு என்று மனசாரவே நம்புகிறார். அன்று ராத்திரி நான் அவரோடு பேசவில்லை.

சனிக்கிழமை நாத்தனார் முதலில் வந்தார். அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே சர்வேயர் வந்தார். இளம் வயது, தொப்பி, கழுத்தில் கேமரா. வண்டியை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று சுற்றினார்.

"மேடம், டேமேஜ் எந்த வண்டில?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மாமரத்தைப் பார்த்தார். "நான் பாக்கறதுக்கு முன்னாடி ரிப்பேர் பண்ணிட்டா, நான் ஒண்ணும் எழுத முடியாதுங்க" என்று சர்வேயர் பையை மூடினார்.

"இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தினேன். தோலில் ஊறிப் பிடிக்க வேண்டிய கலர், தகரத்தில் ஊற இடமில்லாமல் மேலாகவே உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் நகத்தை வைத்துக் கிளப்பினேன். பாலாடை மாதிரி நீளமாக உரிந்து வந்தது. உள்ளே கீறல் பத்திரமாக இருந்தது. பம்பரை அழுத்தினேன், டக்கென்று பழைய பள்ளத்துக்கே திரும்பிப் போய்விட்டது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"இது ரிப்பேர் இல்லீங்க, மேக்கப்" என்று சர்வேயர் சிரித்துவிட்டு போட்டோ எடுத்தார். பிறகு, "ஓட்டினது யாரு?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை பாடு?

"யாரும் ஓட்டல சார்" என்றார் என் வீட்டுக்காரர். "வண்டி ஓரமா நின்னுட்டிருந்தது. இவங்க உள்ள சாப்பிட்டுட்டு இருந்தாங்க. வேற வண்டி ரிவர்ஸ்ல வந்து இடிச்சிடுச்சு."

சர்வேயர் எழுதிக்கொண்டு போய்விட்டார். டம்ளரோடு வாசலில் நின்ற நாத்தனார், "நின்னுட்டிருந்த வண்டியா?" என்றார். "போன்ல இவதான் இடிச்சான்னு சொன்னியே? இவ மேல தப்பு இல்லன்னா இன்னாத்துக்குடா பூசி மறைச்ச?"

அந்த வாயிலிருந்து எனக்காக ஒரு கேள்வி வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"அது இவ தப்புன்னு மறைக்கலக்கா" என்றார் அவர். "பாய் முன்னாடி பொய் சொல்லி இவ மேல போட்டுட்டேன். ஆர்டர் போயிடுமோன்னு பயம். அப்பறம் அந்தக் கீறல் கண்ணுல படும்போதெல்லாம் இன்னாவோ மாதிரி இருந்தது."

இவ்வளவு நேரம் நாக்கு நுனியில் வரிசையில் நின்ற நக்கல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. சாவியைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்.

ஒர்க்‌ஷாப்புக்கு நான்தான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழியில் பாயின் கிடங்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். பாய் வாசலில்தான் நின்றிருந்தார். இவர் இறங்கிப் போய், அன்றைக்கு வண்டி சரியாகத்தான் நின்றது, தான் சொன்னது பொய் என்று சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றோ என்னவோ, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"எனக்குத் தெரியாதா சார்? இடிச்சவனே நானு" என்றார் பாய். "வீட்டுக்குப் போனதும் எங்க வீட்ல கேட்டாங்க, 'அந்த சார் ஏன் அவ்ளோ பேர் முன்னாடி தன் வீட்டம்மாவ விட்டுக் குடுத்தாரு'ன்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. ஏன் சார்?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாய் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னிடம் பதில் இருந்தது, ஒன்றுக்கு நாலாகவே இருந்தது. ஆனால் வெளி மனிதர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.