பாப்பா அறையில் ஒரு மீசைக்காரர்

இன்று மதியம் பாலாநகர் ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டே, வீட்டில் தூங்கும் பாப்பாவைப் பார்க்கலாம் என்று போனில் கேமரா லிங்க்கைத் திறந்தேன்.

தொட்டிலைக் காணோம். திரை முழுக்க ஒரு மீசைக்காரரின் முகம். என்னையே உற்றுப் பார்த்தது.

சாப்பாட்டு டப்பாவை அப்படியே தள்ளி வைத்தேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணவருக்குப் போன் போட்டேன்.

"பாப்பா ரூம்ல யாருங்க அது?"

"யாரும் இல்லையே, நான்தான் இருக்கேன். அவ தூங்குறா. கேட்ல யாரோ பெல் அடிக்கிறாங்க, இரு."

கேட்டிலும் ஒரு கேமரா உண்டு.

"கரண்ட் போச்சா?"

"இப்பத்தான் வந்துச்சு."

புரிந்தது. நான் பார்த்தது கேட்டில் பெல் அடிக்கும் ஆளை. வைஃபை ரௌட்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கும். வெளியிலிருந்து வருவதை அந்த எண் பார்த்துத்தான் அனுப்பும். கரண்ட் வந்ததும் எண்களைப் புதிதாகக் கொடுத்ததில், இரண்டு கேமராவுக்கும் எண் இடம் மாறிவிட்டது. நான் அமைத்த லிங்க்குகளோ பழைய எண்களுக்கே போகின்றன.

அப்பாடா என்று விட்ட மூச்சு பாதியில் நின்றது.

திருட்டு பயத்தில், கேட் கேமராவின் லிங்க்கை எங்கள் சைனிக்புரி காலனி வாட்ஸ்அப் குரூப்பில் நானேதான் போட்டிருந்தேன்.

குரூப்பைத் திறந்தேன். எதிர்வீட்டு ரிடையர்டு மேஜரின் மெசேஜ் வந்திருந்தது: குழந்தை போர்வையை உதைத்துவிட்டது, யாராவது பாருங்கள்.

கீழே ஆறு கட்டைவிரல்கள்.

கணவரிடம் ரௌட்டரைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். எண் மாறாமல் இருக்க என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். லிங்க் மட்டும் கேட்காதீர்கள்.