மரணத்துக்குப் பின் வந்த கல்யாணம்

நாவலைப் பிரித்து ஆராய்வது எப்படி என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். கருப்பொருள், கதைப்பின்னல், நோக்குநிலை, கால உத்தி என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் மறுபேச்சில்லாமல் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தொழிலின் தொடக்கத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இப்போது எழுதிவைக்கிறேன். நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஆனாலும் அதில் நான் நடந்துகொண்ட விதம் நல்லதில்லை.

அறுபதுகளின் நடுவில் தூத்துக்குடிக்கு விரிவுரையாளனாக வந்தேன். தாமிரபரணிக் கரையில் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்தவனுக்கு உப்புக்காற்றும் கருவாட்டு வாடையும் பழகச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்துவிட்டேன். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கூடுவோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைவர். உப்பளக் கணக்கர், துறைமுகக் குமாஸ்தா, இன்னும் எட்டுப் பத்துப் பேர். ஒருவர் ஒரு நாவலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பேசியவர்தான் உறுப்பினர். பேசாதவர் வெறும் பார்வையாளர். கடைக்கார அண்ணாச்சியே எட்டு நிமிடம் வியர்க்க வியர்க்கப் பேசித்தான் தன் மாடியில் உறுப்பினரானார்.

அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். இரண்டு வருடமாகக் காப்பித் தட்டோடு ஏறி வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்றே எல்லாப் பேச்சையும் கேட்டவர். அந்த மேசைக்கு முன்னால் நின்று ஒருநாள் தானும் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. அண்ணாச்சி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தார். என் பேச்சுக்கு அடுத்த மாதம் அக்காவின் முறை.

நான் பேச எடுத்துக்கொண்ட நாவலும் அக்காவிடம் இரவல் வாங்கியதே. வாரப் பத்திரிகையில் ஒரு வருடத்துக்கு மேல் வந்த தொடர்கதை. வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்து, பத்துப் பத்து வாரமாகச் சணல் கயிற்றில் கட்டிவைத்து, கடைசியில் பைண்டரிடம் கொடுத்துச் சிவப்பு அட்டை போட்டிருந்தார். முத்துக் குளிப்பவனின் கதை. கடலுக்கடியில் போகிறவனின் கயிற்றை மேலே படகில் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் வழக்கம். தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. கதையில் மச்சான் விட்டுவிடுகிறான்.

நான் படித்த பிரதியில் கதாநாயகன் செத்த மறு அத்தியாயத்தில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. கொட்டுமேளம், பந்தல், மச்சான் கையால் மாலை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாவை முதலில் காட்டிவிட்டுக் கல்யாணத்தைப் பின்னால் வைத்ததால் ஒவ்வொரு மாலையும் மலர்வளையமாகத் தெரிகிறது, காலத்தைக் கலைத்துப் போடும் இந்த உத்தி தமிழுக்குப் புதிது என்று முக்கால் மணி நேரம் முழங்கினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சார், தப்பா நினைக்காதிய. கல்யாணம் முதல்லயே வந்துட்டு. அவன் செத்தது ரொம்ப பின்னால. நான் வாராவாரம் படிச்சேம்லா. பைண்டரு கட்டை மாத்தி வச்சித் தைச்சிருப்பாரு."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இருபத்தேழு வயது. "வாரத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டவர்களுக்குக் கதை தெரியும் அக்கா, கட்டமைப்பு தெரியாது" என்றேன். கூட்டம் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார், பாவம், எதற்கென்று தெரியாமலே. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். தலைவர் என் காதோரம், "அந்தம்மா இன்னும் கொஞ்சம் படிக்கட்டும், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். அடுத்த மாதப் பேச்சு உப்பளக் கணக்கருக்குப் போயிற்று.

அன்று மாலை அறைக்கு வந்து புத்தகத்தை மறுபடி புரட்டினேன். அத்தியாய எண்கள் பக்க உச்சியில் அச்சாகியிருந்ததால், ஓரத்தைச் சமப்படுத்தும்போது பைண்டரின் கத்தி அவற்றைச் சீவித் தள்ளியிருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் எண்ணின் கீழ்ப்பாதி தப்பியிருந்தது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாவு நாற்பது. அதற்கு அடுத்து வந்த கல்யாணம் இருபத்தொன்று.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பேச்சு கல்லூரி ஆண்டு மலருக்கு அச்சுக்குப் போயிருந்தது. அச்சுப் பிழை பார்க்கத் தாள்கள் வந்தபோது, இரண்டு ஒற்றுப்பிழைகளை அக்கறையோடு திருத்தித் திருப்பி அனுப்பினேன்.

மூன்று மாதம் அக்கா மாடிக்கு வரவில்லை. காப்பியைக் கடைப்பையன் கொண்டுவந்தான். அண்ணாச்சியிடம் கேட்டால், "அவளுக்குக் கால்ல ஆணி சார், படி ஏற முடியல" என்பார். கீழே அதே கால்களோடு கடைக்கும் அடுக்களைக்கும் அக்கா ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

பிறகு வட்டத்தின் ஆண்டு விழா வந்தது. சிற்றுண்டி அக்கா பொறுப்பு. நாங்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்தோம். அன்று அக்காவே ஏறி வந்தார். முதலில் தாம்பாளத்தில் ஆத்தூர் வெற்றிலையும் பாக்கும் வந்தன. சாப்பிடுவதற்கு முன் எதற்கு என்று விழித்தபடி ஆளுக்கு இரண்டை எடுத்துக்கொண்டோம். அடுத்துக் காப்பி. வாயில் வெற்றிலை, கையில் காப்பி. காப்பி முடியும் முன்னே சூடான வடையை உள்ளங்கையில் வைத்துப் போனார். தலைமையாசிரியர் "ஆ, ஆ" என்று கை மாற்றி மாற்றிப் பிடித்தார். வடைக்குப் பின் இனிப்பு, முந்திரி மக்ரூன். எல்லாம் தின்று முடித்தபிறகு, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வாழையிலையை விரித்து, தண்ணீரும் தெளித்தார்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? தின்னு முடிச்ச பெறவு இலையைப் போடுத?"

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சியிடம்தான் சொன்னார். "இது உத்தி. உங்களுக்குப் புரியாது. வாரம் ஒரு வாய் தின்னவியளுக்குக் கட்டமைப்பு எங்க தெரியப் போவுது?"

முதலில் துறைமுகக் குமாஸ்தாவுக்குப் புரை ஏறியது. பிறகு மாடியே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், சிரிப்பு வரத்தான் செய்தது. சிரித்துக்கொண்டே எழுந்து, "அக்கா சொன்னதுதான் சரி. நேற்றுத்தான் தற்செயலாகப் பார்த்தேன், எண் இருக்கிறது. கல்யாணம்தான் முதலில்" என்றேன்.

"அப்ப நாங்க கைதட்டுனது அம்புட்டும் பைண்டருக்கா வேய்?" என்றார் உப்பளக் கணக்கர்.

"அந்த ஆளையும் உறுப்பினரா சேத்துருவமா?" என்றார் தலைவர்.

அந்தச் சிரிப்பிலேயே அடுத்த மாதப் பேச்சு அக்காவுக்கு என்று முடிவாயிற்று. மறுப்பார் யாருமில்லை.

அவர் பேசிய ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குறிப்பு எதுவும் இல்லை. "இந்தக் கதைய எழுதினவரு வாராவாரம் கடைசியில யாரையாவது கதவத் தட்ட விட்டுருவாரு" என்று ஆரம்பித்தார். "நானும் ஏழு நாளா அது யாரோ எவரோன்னு அரிசி அளக்கும்போதும் நெனச்சிட்டு இருப்பேன். பாத்தா பால்காரனா இருக்கும். இப்படி ஏழெட்டு மட்டம் ஏமாந்தேன். ஆனா கயித்த விட்ட வாரம் ஒருத்தரும் தட்டல. சும்மா 'கடல் அமைதியாக இருந்தது'ன்னு முடிச்சிட்டாரு. அன்னைக்குத்தான் பயந்தேன். இம்புட்டு நாளு கதவத் தட்டிப் பழக்குனதே அந்த ஒரு வாரம் தட்டாம இருக்கத்தான்னு தோணிச்சி."

நான் பையிலிருந்து தாளை எடுத்துக் குறித்துக்கொண்டேன். பின்னால் பல ஆண்டுகள் வகுப்பில் அதைச் சொல்லியிருக்கிறேன். அக்கா சொன்னது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இதுவும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே.

மச்சானின் தரப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். கயிறு பிடித்தவனுடைய மனசுக்குள் ஆசிரியர் ஒருதடவைகூடப் போகாதது ஏன் என்று கேட்டு, போயிருந்தால் நாம் அவனை மன்னித்திருப்போம், மன்னிக்கக்கூடாது என்று அவருக்கு எண்ணமோ என்னவோ என்றார். நான் முழங்கிய முக்கால் மணி நேரத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தலைவர் உறுப்பினர் நோட்டை நீட்டினார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். அண்ணாச்சி அந்தப் பக்கத்தை ஊதி ஊதி மை காயவைத்தார்.

எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் அக்கா என்னை நிறுத்தினார்.

"சார், ஒண்ணு கேக்கேன். நேத்துத்தான் பாத்தேன்னு விழாவுல சொன்னியள்ளா, நெசமாவா? முன்னமே தெரியும்தானே?"

"இல்லை அக்கா. சத்தியமாக அப்போதுதான் பார்த்தேன்."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். கோபமில்லை, உதட்டோரத்தில் சிரிப்புதான் இருந்தது. "சரி, பாத்துப் போங்க" என்றார்.

தெரியும் அக்கா. நீங்கள் சொன்ன அன்று மாலையே தெரியும்.