கால்வாய்க்குள்ள போட இருந்த நாடகம்

காலேஜ்ல கடைசி வருஷம் நாங்க ஏழு பேரு சேந்து ஒரு நாடகம் செஞ்சோம். எழுதுனோம்னு சொல்ல மாட்டேன், செஞ்சோம். மேடை கிடையாது, எழுதி வச்ச வசனம் கிடையாது. ஒரு இடத்தப் பிடிச்சு, அங்கனயே கிடந்து, அந்த இடத்துக்குன்னே ஒரு நாடகத்த உண்டாக்கணும்னு சார் சொல்லிட்டாக. இடம் என்ன பேசுதுன்னு காது குடுத்துக் கேளுங்கன்னு வேற சொன்னாக. நான் எங்க ஊருக் கால்வாயக் காட்டுனேன். ரெண்டு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி பாக்காத கால்வாய். மொத நாளு உள்ள எறங்கிப் பாத்தா ஆட்டுப் புழுக்கையும் உடைஞ்ச பாட்டிலும்தான். "இடம் நல்லாத்தான் பேசுது, வாயத் தொறந்தா பிராந்தி வாசம்"னு ஒருத்தன் சொல்ல, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு.

எனக்கு மட்டும் அது வெறும் நாடகம் இல்ல. பாண்டிச்சேரிக்குப் போயி நாடகம் படிக்கணும்னு வீட்டுல கேட்டிருந்தேன். அம்மா எடுத்த எடுப்புலயே "கூத்தாடப் போறியாடி?"ன்னுச்சு. மயிலாடும்பாறையில ஒரு மாப்பிள்ள வேற பேசி வச்சிருந்தாக. அந்தக் கால்வாய நம்பியிருந்த கண்மாய்க்குத் தண்ணி இல்ல, வெள்ளாமை இல்ல, அதனால கல்யாணம் தள்ளித் தள்ளிப் போயிக்கிட்டிருந்துச்சு. ஊரே தண்ணி இல்லன்னு வயிறெரிஞ்சுக்கிட்டுக் கிடந்தப்ப, அந்த வறட்சிதான் என்னையக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. இத யாருகிட்டப் போயிச் சொல்ல? சொன்னா செருப்பால அடிப்பாக.

சோறு திங்காமப் படுத்துக் கிடந்து அடம் பிடிச்சேன். கடைசில அப்பாதான் எறங்கி வந்தாக. "ஏத்தா, நீ போடுற நாடகத்த ஒரு தடவ வந்து பாக்குறேன். எம் மனசுக்குப் பட்டுச்சுன்னா நீ படிக்கப் போ. படலைன்னா நாங்க சொல்றதக் கேளு"ன்னாக. அப்பா வாக்குக் குடுத்தா மாத்த மாட்டாக. பாத்தாகன்னா எம் பக்கம் சாஞ்சிருவாகன்னு எனக்கு அம்புட்டு நம்பிக்கை.

அதுக்கப்புறம் சாயங்காலமானா கால்வாய்க்குள்ளதான் குடியிருந்தோம். ஜனங்க ரெண்டு கரையிலயும் பாலத்து மேலயும் நின்னு குனிஞ்சு பாக்கணும், நாங்க கீழ நடக்கணும். தண்ணி எங்கன நின்னு போச்சுன்னு கேட்டுக்கிட்டே ஒருத்தி கால்வாய்க்குள்ளயே நடந்து போறா. வழியில பாக்குற ஆளெல்லாம் "இன்னும் மேல, இன்னும் மேல"ங்கிறாக. அம்புட்டுத்தான் கதை. அந்த ஒருத்தி நான். ரெண்டு பக்கமும் கல்லுச் சுவருங்கிறதால மெதுவாப் பேசுனா பாலம் வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு. கத்துனா எதிரொலியில ஒன்னும் வெளங்கல. அது தெரியாம கத்திக் கத்தித் தொண்டை கட்டுனதுதான் மிச்சம். பஞ்சாயத்துத் தலைவரக் கேட்டோம், போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தோம். கால்வாய்ல தண்ணி வருமான்னு கேக்க மட்டும் எங்க ஒருத்தருக்கும் தோணல. கேட்டிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாடகம். வெள்ளிக்கிழமை செல்போன்ல செய்தி வருது, மலையில நல்ல மழை, கால்வாய் ஆரம்பிக்கிற தலைப்புல ஷட்டரத் தொறந்துட்டாகன்னு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்பாதான் தேத்துனாக. "காஞ்சு கிடக்குற கால்வாயித்தா. குடிக்கிறதக் குடிச்சிட்டுத்தான் மிச்சத்த விடும். இங்கன வந்து சேர திங்கக்கிழம ஆயிரும். நீ தைரியமாப் போடு."

ஞாயித்துக்கிழமை அப்பா சலவை வேட்டி கட்டிக்கிட்டு, எல்லாருக்கும் முன்னால வந்து பாலத்து மேல எடம் பிடிச்சு உக்காந்துட்டாக. நாடகத்த ஆரம்பிச்சோம். நாலு வார்த்தை பேசியிருப்பேன். அப்பா நல்லா முன்னால சாஞ்சு, காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டிருந்தாக. சத்தியமாச் சொல்றேன், அந்த மொகம் எம் பக்கம் வந்துக்கிட்டிருந்துச்சு.

"ஏலே, தண்ணிலே! தண்ணி வருதுலே!"

கரையோரம் ஆளுக ஓடி வந்தாக. சருகு, நுரை, பிஞ்ச செருப்பு எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு, அவசரமே இல்லாம வந்துச்சு தண்ணி. கூட்டாளிக என்னையக் கையப் பிடிச்சு மேல இழுத்தாக. பொம்பளைக குலவை போட்டாக. அம்மா மஞ்சளையும் பூவையும் அள்ளி அள்ளித் தண்ணியில போட்டுச்சு. நாங்க ஏழு பேரும் வேஷத்தோட நின்னோம். எங்களத் திரும்பிப் பாக்க ஆளில்ல.

நான் ஓடிப்போயி அப்பா கையப் பிடிச்சுக்கிட்டேன். "அப்பா, கரையிலயே நின்னு போடுறோம்ப்பா. கொஞ்ச நேரம் இருந்து பாருங்கப்பா."

"நாடகம் எங்கத்தா போயிரப் போகுது? பெறகு பாத்துக்கலாம். கண்மாய் மடையப் போயிப் பாக்கணும்ல."

அந்தப் பெறகு வரவே இல்ல. நாத்து, நடவு, களையெடுப்பு, எனக்குப் பரீட்சை. இப்ப மயிலாடும்பாறையில இருந்துதான் இத எழுதுறேன். எம் புருஷன் நல்ல மனுசன், அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா எனக்கு இன்னமும் ஆறல. அப்பா வாக்க மாத்தல, சந்தோசத்துல மறந்துட்டாக. மாத்தியிருந்தாகன்னா நல்லாச் சண்டையாவது பிடிச்சிருப்பேன்.

அன்னைக்கு மடைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி, அந்தக் கரையில நின்னுக்கிட்டே அப்பா செல்போன எடுத்துப் பேசுனாக. "சம்மந்தி, எங்களுக்குத் தண்ணி வந்துருச்சு. தையில வச்சிருவோம்."

அவ்வளவுதான், நான் ஒடைஞ்சுட்டேன். எல்லாருக்கும் முன்னால தேம்பித் தேம்பி அழுதேன். அப்பா செல்போன மடியில சொருகிட்டு, தோள்ல கிடந்த துண்ட எடுத்து எம் மொகத்தத் தொடச்சு விட்டாக. பக்கத்துல நின்னவுகளப் பாத்து, "தண்ணியக் கண்டதும் பிள்ளைக்கு அழுகையே வந்துருச்சு பாருங்கய்யா, வெவசாயி மகள்ல"ன்னு பெருமையாச் சொன்னாக.