சிவப்புப் பெட்டியில் ஒரு கோடு

என் சித்திக்கு இரும்பில் விரிசல் தேடும் வேலை. ராணிப்பேட்டையில் ஒரு சோதனைக் கம்பெனியில் இருந்தாள். தோல் தொழிற்சாலைகளுக்குப் போய் பாய்லர்களையும், தோல் ஊறும் பெரிய டிரம்களின் அச்சுகளையும் பார்த்து, ஓட்டலாமா கூடாதா என்று சொல்வாள். சின்ன வயதில் அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அவளிடம் ஒரு கனமான காந்தம் இருக்கிறது, என்னைத் தொடவிட மாட்டாள் என்பது மட்டும்தான்.

ஒரு கோடை விடுமுறையில் ஆம்பூரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். திறப்பு நாளன்று ராட்டினத்தைச் சோதிக்கச் சித்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் ஓவர்டைம். என்னை வீட்டில் தனியாக விட முடியாமல் சித்தி கூட்டிக்கொண்டு போனாள்.

"வேலை முடியற வரைக்கும் கம்முனு இருந்தீன்னா, மொத சுத்து உனக்குத்தான்" என்று பஸ்ஸில் சொன்னாள். நானும் கம்மென்றுதான் இருந்தேன். அம்மா பார்த்திருந்தால் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டிருப்பாள்.

ராட்டினக்காரர் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். பெட்டி தொங்கும் கம்பியை வெல்டிங்கில் பற்றவைத்திருந்த இடத்தில் சித்தி கிரீஸைத் துடைத்து, வெள்ளைப் பூச்சை லேசாக அடிப்பாள். லாடம் போல வளைந்த காந்தத்தை அதன்மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால் அது உறுமும். அப்போது கறுப்பாக ஒரு திரவத்தைத் தெளிப்பாள். அதில் மாவைவிட நைசான இரும்புத்தூள் இருந்தது. இரும்பு நன்றாக இருந்தால் தூள் வழிந்து போய்விடும். விரிசல் இருந்தால் காந்த சக்தி அந்த இடத்தில் வெளியே கசியும்; தூள் அங்கேயே பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது, வெள்ளையடித்துவிட்டு உடனே அழுக்காக்கும் விநோதமான வேலை.

சிவப்புப் பெட்டி வந்ததும் நான் அதற்குள் ஏறி இருக்கைமேல் நின்றுகொண்டேன். சித்தி தெளித்தாள். வெள்ளைப் பூச்சில் கறுப்பாக ஒரு கோடு நின்றது, தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டதுபோல. சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிக் கட்டைவிரலால் தேய்த்தேன். கோடு போய்விட்டது.

"போய்டுச்சு சித்தி. இப்ப சுத்தலாமா?"

ராட்டினக்காரர் சிரித்துவிட்டார். "பாப்பாவே ரிப்பேர் பண்ணிட்டா, மேடம்."

சித்தி என்னைத் திட்டவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வெள்ளையடித்து, காந்தத்தை வைத்துத் தெளித்தாள். அதே இடத்தில் அதே கோடு வந்தது.

"அண்ணா, இதை ஓட்டக் கூடாது" என்றாள்.

அவர் சிரிப்பு நின்றது. "இன்னா மேடம், சாயந்தரம் ஜனம் வரப் போவுது. இந்த ஒரு பெட்டிய கட்டிப் போட்டுட்டு மத்தத ஓட்டிக்கிறேன்."

"எல்லாத்தையும் ஒரே ஆளுதானே பத்த வச்சாரு? மிச்சத்தையும் முழுசா பார்க்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"பேஜார் பண்ணாதீங்க. எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல என் பொண்ணத்தான் ஏத்துவேன், ஜனங்களுக்குப் பயம் போவட்டும்னு. நேத்து ட்ரையல் பார்த்தப்பகூட இதே பெட்டியிலதான் உக்காந்திருந்தா. பயம் இருந்தா ஏத்துவேனா?"

சித்தி துணியை அவரிடம் நீட்டினாள். "நீங்களே துடைங்க."

அவர் அழுத்தித் துடைத்தார். சித்தி மீண்டும் தெளித்தாள். கோடு வந்தது. அவர் விரல் நுனியால் அதன் நீளத்தைத் தொட்டுக்கொண்டே போனார். அது கம்பியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமும் போயிருந்தது. டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த தன் மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஓடி வந்தவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஷூ கம்பெனிகள் விட்டதும் பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். ராட்டினம் ஓடாது என்றதும் முணுமுணுத்தார்கள். ஒரு பையன் தரையில் புரண்டு அழுதான். சித்தியின் முகத்துக்கு நேராகவே ஒரு அம்மா, "வேலை கெடுக்கறதுக்குன்னே வர்றாங்க" என்றாள். நானும் மனதுக்குள் அந்த அம்மா கட்சிதான்.

ராட்டினக்காரர் மகளை இடுப்பில் வைத்தபடியே வாசலில் நின்று எல்லோரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் கால்கள் அவர் முழங்கால்வரை தொங்கின. "எறக்கி விடு நைனா, வலிக்குது" என்று நெளிந்தாள். அவர் கையை மாற்றிக்கொண்டாரே தவிர இறக்கிவிடவில்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அவ்வளவு சமர்த்தாக இருந்தும் எனக்குச் சுற்றும் கிடைக்கவில்லை, தூக்கி வைத்துக்கொள்ளவும் ஆளில்லை. ஒன்றுமே செய்யாத அந்தப் பெண்ணுக்கு மட்டும் அன்றைக்கு ஏன் அவ்வளவு செல்லம் என்று, வீட்டுக்குத் திரும்பும் பஸ் வேலூர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.