யோகக்கா குடித்த பிளேன்ரீ

சென்ற திங்கட்கிழமை காலை வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டு நின்றேன். என் மனைவி வசந்தி கைப்பேசியோடு வரம்பில் ஓடி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, யோகக்கா மோசம் போயிட்டாவாம். விடியக்காலமை, நித்திரையிலையே உயிர் போயிட்டுதாம்."

மண்வெட்டியை ஊன்றியபடி நின்றுவிட்டேன். பாத்தி நிறைந்து தண்ணீர் காலடியில் வழிந்தது. அக்கா பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்: "அழுறதைப் பிறகு அழலாம் தம்பி, முதல் இறைப்பு மிசினை நிப்பாட்டுங்கோ." ஓடிப்போய் நிறுத்தினேன். கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக நான் வந்ததைப் பார்த்து வசந்தி பயந்துபோனாள்.

யோகராணி அக்கா எங்கள் பகுதிக்குக் குடும்பநல உத்தியோகத்தராக வந்தவர். ஊருக்கு அவர் மிட்வைஃப் அக்கா. அச்சுவேலிக்குக் கிழக்கே, கடல்நீரேரிப் பக்கமாக இருக்கிறது எங்கள் ஒழுங்கை. இங்கே பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேரைத் தராசில் போட்டு நிறுத்தவர் அவர்தான். அவருடைய சைக்கிள் மணிக்கு முன்பே சிரிப்புச் சத்தம் வந்துவிடும். ஒருமுறை கர்ப்பிணி மனைவி வாளியோடு நடக்க, கணவர் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தாராம். அக்கா நேரே போய் அவருடைய கையில் பிரஷர்ப் பட்டியைச் சுற்றி அமத்திப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழும்பித் தண்ணி அள்ளுங்கோ" என்றாராம். அந்த மனிதர் இன்றைக்கும் தண்ணீர் அள்ளுகிறார்.

போகிற வீடெல்லாம் தேநீர் குடிப்பார். ஆனால் பால் விடாத பிளேன்ரீ மட்டுந்தான். பால் விட்டால் தண்ணீரின் குணம் ஒளித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. எங்கள் ஊரில் விருந்தாளி தேநீருக்குக் குறை சொல்வதில்லை. கசந்தாலும் நல்லாயிருக்கு என்றுதான் எழும்ப வேண்டும். அக்கா அந்த வழக்கத்தை ஒரு சதத்துக்கும் மதிக்கவில்லை. "பிள்ளை, போன மாசத்தை விடச் சீனி கூடப் போட்டிருக்கிறாய். தண்ணி சவர்க்குது, அதுதான் உன்ரை கை தன்ரை பாட்டிலை சீனியைக் கூட்டுது" என்பார். பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஏதோ குறித்துக்கொள்வார். தேத்தண்ணி குடித்தே ஒழுங்கையின் நிலத்தடி நீரை அளந்தவர் அவர்.

ஒழுங்கையில் எல்லாக் கிணறும் உப்புச் சவர்தான், என்னுடையதைத் தவிர. பின்னேரமானால் பெண்கள் குடத்தோடும் பிளாஸ்ரிக் கானோடும் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது உண்மை. மாரி மழையும் முந்தி மாதிரி இல்லை. வந்தால் மூன்று நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து நான் பெரிய இறைப்பு மிசின் ஒன்று வாங்கி, வெங்காயத்தை இரண்டு மடங்காக்கினேன். கிணற்றின் அடி தெரியும்வரை இறைப்பேன், ஊற விட்டு மறுபடி இறைப்பேன்.

ஓர் ஆடி மாதம் அக்கா வந்து முற்றத்தில் நின்றார்.

"தம்பி, இந்த ஒழுங்கையிலை மூண்டு கர்ப்பிணியளுக்குப் பிரஷர். காரணம் ஆயிரம் இருக்கலாம். ஆனால் உப்பைக் குறையுங்கோ எண்டு சொல்லி என்ரை வாய் நோகுது. குடிக்கிற தண்ணியிலையே உப்பிருந்தால் அதுகள் எதைக் குறைக்கிறது? மூண்டு வீடும் உங்கடை கிணத்துத் தண்ணிதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ரை கிணறு சவரோ? காலமையும் ரீ குடிச்சனான், தேன் மாதிரி இருந்தது!"

"கிணறு உங்கடைதான். கீழை கிடக்கிற தண்ணிக்கு ஆரிட்டைக் காணி உறுதி இருக்கு? நல்ல தண்ணி மேலை மெல்லிசாத்தான் நிக்குது, பாலிலை ஆடை மாதிரி. நீங்கள் ஒரேயடியா இழுத்தால் அடியிலை கிடக்கிற உப்பு மேலை வரும்."

நான் விடவில்லை. கடைசியில் அக்கா சொன்னார்: "சரி, கதை வேண்டாம். உங்கடை கையாலை எனக்கொரு பிளேன்ரீ போட்டுத் தாங்கோ. தண்ணியும் நீங்களே அள்ளுங்கோ."

நான் முதன்முதலாக அடுப்படிக்குள் போன நாள் அதுதான். கிணற்றில் அள்ளி, கொதிக்கவைத்து, தேயிலையை அள்ளிக் கொட்டி, இரண்டு கோப்பை கொண்டுவந்தேன். ஒரு வாய் குடித்தேன். அப்படியே முற்றத்தில் துப்பினேன். அக்கா கோப்பையைத் தொடவேயில்லை.

வசந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் உண்மை வந்தது. முதல் பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் மகள் இங்கே வந்த நாளிலிருந்து, அக்கா சொன்னபடி வசந்தி தூரத்துக் கோயில் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள். என் கோபத்துக்குப் பயந்து சொல்லவில்லை. மூன்று மாதமாக நான் குடித்த தேன் கோயில் தண்ணீர்.

அக்கா சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்கடை பிள்ளைக்குக் கோயில் தண்ணி. மற்றப் பிள்ளையளுக்கு?"

வெட்கத்தில் நிமிர முடியவில்லை. தங்கள் கிணற்றைவிட மேல் என்று எங்கள் கிணற்றை நம்பி மூன்று பெண்கள் குடம் குடமாக உப்பைக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அடுத்த நாளே பெரிய மிசினைக் கழற்றினேன். வெங்காயத்தைப் பாதியாக்கி, மிச்சத்தில் பயறும் எள்ளும் போட்டேன். இறைப்பு ஒன்றுவிட்டொரு நாள், அதுவும் காலையில் கொஞ்ச நேரம். அக்கா ஒழுங்கை முழுவதையும் திரட்டி, தூர்ந்து கிடந்த கோயில் கேணியை வெட்ட வைத்தார். கூரைத் தண்ணீர் ஓடிக் கடலுக்குப் போகாமல் வளவுக்குள் நிற்கக் குழிகள் வெட்டினோம். சாய்மனைக் கதிரைக்காரர்தான் அதிகம் வெட்டினார். பிள்ளைப்பேறு முடியும்வரை அந்த மூன்று வீட்டுக்கும் நானே கோயில் தண்ணீர் சுமந்தேன். மூன்று பிள்ளைகளும் சுகமாகப் பிறந்தன. அக்கா தராசோடு வந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கிணறு ஒரு மழையில் திரும்பவில்லை. இரண்டாவது மாரியும் கழிந்து, தைப்பொங்கலுக்கு மறுநாள் அக்கா வந்தார். நானே பிளேன்ரீ போட்டேன். சீனி போடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆறுதலாகக் குடித்து முடித்தார். வெறுங்கோப்பையை என்னிடம் நீட்டி, "இன்னொண்டு போடுங்கோ" என்றார். அவர் எந்த வீட்டிலும் இரண்டாவது கோப்பை கேட்டதை நான் அறியேன்.

செத்தவீட்டில் சனம் நிற்க இடமில்லை. தங்கள் பிள்ளைக்கு அக்காவின் பெயரை வைத்ததாகச் சொன்னவர்களை மட்டும் நான் ஏழுபேர் எண்ணினேன். தகனம் முடிந்து வீட்டுக்கு வந்து தலைக்குத் தோய்ந்தேன். பின்னேரம் வழமைபோல் பெண்கள் தண்ணீருக்கு வந்தார்கள். ஒருத்தி பிரஷர்ப் பட்டிக் கதையைத் தொடங்க, மற்றவள் சிரிக்க, கிணற்றடியே கலகலத்தது. நான் துப்பிய கதையை வசந்தியும் அக்காவும் இத்தனை வருடமும் என் மானத்துக்காக மறைத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு நானே எழும்பி, கோப்பை பிடித்த விதத்திலிருந்து துப்பிய தூரம்வரை நடித்துக் காட்டினேன். இடுப்பிலிருந்த குடங்கள் குலுங்கித் தண்ணீர் சிந்தியது. "பரவாயில்லை, திரும்ப அள்ளுங்கோ, கிணத்திலை இருக்கு" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் விம்மி விம்மி அழுதேன்.

போயிட்டு வாங்கோ அக்கா. தண்ணீர் நல்லாயிருக்கு.